நகரும் கட்டி

வீங்கிய இடத்தில் கைவைக்கும்போது ஹில்டா கண்ணை மூடிக்கொள்வாள். பயத்தினால் அல்ல. கண் திறந்திருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. கல்லைப் போலக் கெட்டியாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் தொட்டால் கனிந்த கொய்யா போல அமுங்கி, மேலே மயிர் உதிர்ந்து தோல் மெலிந்திருந்தால் நேரம் வந்துவிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டிதான் ஆளை ஏமாற்றும். அவளை அது இதுவரை ஏமாற்றியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதும் இல்லை.

இரத்தினபுரி டவுனில் டொக்டர் ஹில்மியின் மிருக வைத்திய நிலையத்தில் பதினொரு வருடமாக அவள் உதவியாளர். விடியற்காலை பஸ்ஸில் ரப்பர் தோட்டத்தைவிட்டு இறங்கினால் பொழுது சாயத்தான் திரும்பி வருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்தால் முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒரு ஆடோ பூனையோ நாயோ காத்திருக்கும். டொக்டருக்கும் இது தெரியும். "பழுத்ததத் தொடுங்க, பழுக்காததத் தொடாதீங்க, சந்தேகம்னா எனக்குக் கோல் எடுங்க" என்று மூன்றே வரியில் சட்டம் போட்டிருந்தார். அந்தச் சட்டத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த முதல் ஞாயிறு தனுஜா தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு நாய், நாலு பாதமும் மட்டும் வெள்ளை. அதனால் அதற்குப் பூட்ஸ் என்று பெயர். வலது தோளில் ஒரு தோடம்பழத்தைப் புதைத்து வைத்ததுபோல வீங்கியிருந்தது.

"முந்தாநாளு தேசிக்கா அளவுதான் இருந்துச்சுக்கா. இன்னைக்குப் பாருங்க."

ஹில்டா தொட்டுப் பார்த்தாள். "பழுத்திருச்சு. வாயக் கட்டிட்டுத் தலைய மடியில வச்சுக்க."

டொக்டருக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டு, மயிரை மழித்து, தோலை மருந்தால் துடைத்து, வீக்கத்தின் அடிப்பக்கமாகப் பிளேட்டால் ஒரே கீறல் கீறினாள். மேலே கீறினால் பாதி சீழ் உள்ளேயே தங்கிவிடும். அடியில் கீறினால் தண்ணீர் தானே பள்ளத்துக்கு ஓடும். நாற்றத்தில் தனுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூட்ஸ் ஒரு முனகல் முனகிவிட்டுப் பெருமூச்சு விட்டது. வலி இறங்கிய மூச்சு அது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, உள்ளே போன தண்ணீர் தெளிவாகத் திரும்பி வரும்வரை கழுவினாள்.

"தைக்க வேணாமாக்கா?"

"வாசல அடச்சா உள்ள இருக்குறது எங்க போகும்? சதை கீழ இருந்து வளந்து மேல வரணும். புண்ணு வாய் அவசரப்பட்டு மூடப் பாக்கும், விடாத. ரெண்டு நேரமும் கழுவு. டொக்டர் சொன்ன மாத்திரய ஒருநாள்கூட நிப்பாட்டாத. மனுசங்க மாத்திர எதையும் குடுத்துராத."

பத்து நாளில் புண் ஆறியது. தனுஜா ஒரு சீப்பு ஆனைவாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மே மாதம் பிறந்ததும் மறுபடி வந்தாள். இந்த முறை அவள் புருஷன் சுதாகரனும் கூட வந்திருந்தான். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஆள், அதிகம் பேசாதவன். வீக்கம் பழைய தழும்பிலிருந்து நாலு விரல் தள்ளிப் பின்னால் நின்றது. ஹில்டா கீறினாள், கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நாய் எங்கயாச்சும் சண்டை போட்டுச்சா? பன்றி கின்றி..."

"கம்பி வேலிக்கா," என்றான் சுதாகரன், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.

"கம்பி குத்தினா ஒருக்காதான் பழுக்கும். வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனியா?"

பதில் தனுஜாவிடமிருந்து வந்தது. "வேட்டையா? நம்ம வீட்டுலயா? எங்க அண்ணன் காலு போனதுலேருந்து இவரு காட்டுப் பக்கமே போறதில்லக்கா. மகள் தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு."

அந்தக் கதை தோட்டத்துக்கே தெரியும். தனுஜாவின் அண்ணன் நிரோஷன், யாரோ காட்டுப்பன்றிக்குக் கட்டி வைத்த கட்டுத்துவக்கின் கயிற்றில் கால் இடறி, வெடிபட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவன். அன்று அவனும் வேட்டைக்குத்தான் போயிருந்தான். ஹில்டா மேற்கொண்டு கேட்கவில்லை. சுதாகரன் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"இன்னொருக்கா வந்தா இங்க கொண்டாராதீங்க," என்று சொல்லி அனுப்பினாள். "நேரா கிளினிக்குக்கு வாங்க."

ஆனால் மூன்றாவது தடவையும் இஸ்தோப்புக்குத்தான் வந்தார்கள். மே கடைசி ஞாயிறு. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பூட்ஸ் சோறு தின்னவில்லை, உடம்பு கொதித்தது. வீக்கம் இப்போது விலாவில். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள்.

"இது சீக்கு இல்ல ஹில்டா, யாரோ செஞ்சு வச்சிருக்காங்க," என்றாள் சுப்பம்மா. "உள்ளுக்குள்ள நடமாடுது பாரு. கோயில்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டச் சொல்லு. இல்லாட்டி எரிஞ்ச இஞ்சின் ஒயில ஊத்திவிடு, உள்ள இருக்குற புழு செத்துரும்."

"பேய் பிடிச்சா சீழ் வராது சுப்பம்மாக்கா. ஒயில ஊத்தினா புழு சாகுதோ இல்லயோ, நாய் செத்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சுப்பம்மா சொன்ன ஒரு சொல்லை ஹில்டா விடவில்லை. நடமாடுது. நாயின் நனைந்த மயிரை ஒதுக்கி, முதல் தழும்பில் ஒரு விரலையும் இரண்டாவதில் ஒரு விரலையும் வைத்தாள். அப்படியே கோடு பிடித்துப் போனால் மூன்றாவது வீக்கத்தில் போய் முட்டியது. தோளிலிருந்து வால் பக்கமாக ஒரே கோடு. இது வந்து வந்து ஆறுகிற கட்டி அல்ல. எதுவோ ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அது தங்கிய இடமெல்லாம் சீழ் கட்டுகிறது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "இத நான் தொடமாட்டேன்."

ஹில்டா அப்படிச் சொல்லி அந்த லயத்தில் யாரும் கேட்டதில்லை. தனுஜா நாயை அணைத்துக்கொண்டாள். "பொழைக்காதாக்கா?"

"பொழைக்கும். நான் இப்பக் கீறினா சீழ் வரும், ஆறும், அடுத்த மாசம் இன்னும் நாலு விரல் தள்ளி நிக்கும். உள்ள ஒரு சாமான் இருக்கு. அத எடுக்கணும். எடுக்க மயக்க மருந்து வேணும், டொக்டர் வேணும். விடிஞ்சதும் ஆட்டோ பிடிங்க, நானும் வாறேன்."

சுதாகரன் எதையோ சொல்ல வாயெடுத்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு குடையை விரித்துக்கொண்டு ஆட்டோக்காரனைத் தேடிப் போனான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பூட்ஸ் டொக்டர் ஹில்மியின் மேசைமேல் கிடந்தது. டொக்டர் காய்ச்சல் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஹில்டா மூன்று இடத்தையும் காட்டி, கோட்டையும் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

"நீங்க சொல்றது சரி. எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனா குச்சி, மூங்கில் மாதிரி சாமான் அதுல தெரியாது. ஸ்கேன் பண்ண பேராதனைக்குப் போகணும். இந்தக் காய்ச்சலோட அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு இஷ்டமில்ல." அவர் சுதாகரன் பக்கம் திரும்பினார். "என்ன தேடுறேன்னு தெரிஞ்சா பாதி வேலை மிச்சம். என்ன குத்தினது?"

சுதாகரன் தரையைப் பார்த்தான். மேசையில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிய நாயைப் பார்த்தான். டொக்டர் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில் சொன்னான்.

"இத்தேவெக், சேர்."

ஒரு முள்ளம்பன்றி. தமிழில் சொன்னால் அல்லவா பெண்டாட்டிக்கு விளங்கும் என்று நினைத்துவிட்டான். தனுஜா பத்தாம் வகுப்பு வரை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பது அந்தப் பதற்றத்தில் அவனுக்கு மறந்தே போயிற்று.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. மார்ச் மாதம், மாணிக்கக் குழியில் வேலை என்று சொல்லிவிட்டுப் போன அன்று, தோட்டத்து மேல் டிவிசன் ஆட்கள் இரண்டு பேரோடு கல்லுப் பொந்துக்குப் போனது. நாயை உள்ளே விட்டது. முகத்திலும் தோளிலும் முள்ளோடு அது அலறிக்கொண்டு வெளியே வந்தது. குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. "ஒண்ணு மட்டும் கையோட ஒடிஞ்சு வந்துச்சு சேர். நுனி வந்துருச்சுன்னு நெனச்சேன்." சொல்லும்போதே அவன் அழுதான். தனுஜா அழவில்லை. சுவரோடு நின்று நாயின் பாதத்தைப் பிடித்திருந்தாள்.

"சரி, அத அப்புறம் பேசிக்கங்க," என்றார் டொக்டர். "ஹில்டா, மயக்க மருந்து."

அவர்கள் இருவரையும் வெளியே உட்கார வைத்துவிட்டு வேலை தொடங்கியது. விலாவில் டொக்டர் கீறினார். சீழ் ஓடியது. கழுவினார்கள். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நாலு பக்கமும் துழாவினார். ஒன்றும் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்து, மறுபடி துழாவினார்.

"இல்லியே. சீழோட வெளிய வந்திருக்கும். ஒரு டியூப் வச்சு விடுவோம், ரெண்டு நாள் பாப்போம்."

ஹில்டாவுக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் இதில் அவர் சொல்வது தவறு என்று அவள் விரல் சொன்னது.

"சேர், கோபிக்காதீங்க. நாம அது தங்கின எடத்துல தேடுறோம். அது இருக்குற எடம் இது இல்ல. நாய் நடக்க நடக்கச் சதை அத நுனிப்பக்கமா தள்ளுது. சீழுக்கு முன்னால போயிட்டிருக்கும். இங்கிட்டு." அவள் கீறலிலிருந்து வால் பக்கமாக இரண்டு விரல் தள்ளி, விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்திக் காட்டினாள். "காலையில இங்க தொட்டப்பத்தான் திரும்பிக் கடிக்கப் பாத்துச்சு. வீங்கின எடத்துல அழுத்தினப்ப சும்மா கெடந்துச்சு."

டொக்டர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயிருந்து நெஞ்சறைக்குள் ஒரு நகக்கண் தூரம்கூட இல்லை. உள்ளே போயிருந்தால் நாய் பிழைக்காது.

"உங்க விரல் சின்னது," என்றார். "கையுறைய மாத்திட்டு வாங்க. நீங்களே பாருங்க."

ஹில்டா சுண்டுவிரலைக் கீறலுக்குள் விட்டாள். வழுவழுப்பான சதை, எலும்பின் விளிம்பு, மறுபடி சதை. மெல்ல முன்னால் தள்ளினாள். சதையும் இல்லாத, எலும்பும் இல்லாத ஒன்று விரல் நுனியை உரசியது.

"இருக்கு சேர்."

"அசைக்காதீங்க. அப்படியே நில்லுங்க."

அவள் விரலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு டொக்டர் இடுக்கியை உள்ளே விட்டார். ஒரு தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை பிடித்தது. வந்த வழியே நேராக, அவசரமில்லாமல் இழுத்தார். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முள், ஒரு விரல் நீளம், நுனி கொஞ்சமும் மழுங்காமல் வெளியே வந்தது.

டொக்டர் மூச்சை விட்டுச் சிரித்தார். "நான் மூடியிருப்பேன் ஹில்டா."

"நான் விட்டிருக்க மாட்டேன் சேர்," என்றாள் அவள்.

மூன்று தடவை கழுவி, நெஞ்சுக்குள் ஓட்டை இல்லை என்று உறுதிசெய்து, அடிப்பக்கம் ஒரு டியூபை வைத்து முடித்தார்கள். முள்ளை ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுபோய்க் காட்டியபோது தனுஜா அதை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு புருஷனிடம், அவன் பேசிய அதே சிங்களத்தில், "கெதர கிஹிங் கதா கரமு" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். சுதாகரன் ஆட்டோவில் கடைசியாகத்தான் ஏறினான்.

ஆனால் வீட்டில் அவள் பேசவே இல்லை. மருந்தை அவன் முன்னால் வைத்தாள், சுடுதண்ணீரை வைத்தாள், துணியை வைத்தாள். காலையில் பால் வெட்டப் போகும் முன்னும் சாயந்தரம் வந்தும் அவன்தான் முட்டிபோட்டுப் புண்ணைக் கழுவினான். நாலாம் நாள் டொக்டர் டியூபை எடுத்தார். இரண்டு வாரத்தில் சதை மேடேறியது. மூன்றாவது ஞாயிறு பூட்ஸ் லயத்துக் கோழிகளை விரட்டிக்கொண்டு ஓடி, சுப்பம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

அன்றைக்கு ஹில்டா அதன் விலாவை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "இனி என்கிட்ட வர வேல இல்ல" என்றாள்.

தனுஜா போகவில்லை. இஸ்தோப்பு விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நேத்து அவரு எங்க அண்ணன்கிட்டப் போனாருக்கா. நான் போகச் சொல்லல, அவராத்தான் போனாரு. சத்தியத்த மீறிட்டேன்னு சொன்னாராம்."

"நிரோஷன் என்ன சொன்னான்?"

"ஏசுவான்னு நெனச்சுட்டுப் போயிருக்காரு. அண்ணன் ஏசல. எந்தப் பொந்துன்னு மட்டும் கேட்டிருக்கு. கல்லுப் பொந்துன்னாராம். அந்தப் பாதையில மூணு கட்டுத்துவக்கு கட்டிக் கெடக்கு, தெரியுமா மச்சான்னு அண்ணன் சொல்லுச்சாம். அவ்வளவுதான். வந்து ராத்திரிச் சோறு தின்னல. விடிஞ்சதும் மேல் டிவிசனுக்குப் போய் அந்த ரெண்டு பேருக்கும் துவக்கு விசயத்தச் சொல்லிட்டு வந்திருக்காரு."

"நீ பேசினியா?"

"இன்னும் இல்ல." தனுஜா நாயின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். "நாளைக்குப் பேசலாம்னு இருக்கேன்."

"இன்னைக்கே பேசு," என்று சொல்லிவிட்டு ஹில்டா எழுந்தாள். வாசலில் யாரோ ஒரு பூனையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.