ரதோமிரின் ரத்தம்

குண்டு ஆண்களின் ரத்தத்தை ஆராய்வதிலேயே என் காலம் போயிற்று. நீஷ் நகர மருத்துவமனை ஒன்றில் நான் சேர்ந்த புதிதில் துறைத் தலைவர், "ஸாகோர்க்கா, தொந்திக்காரனுக்குத் தேவை பெல்ட்டு, ஆராய்ச்சி இல்லம்மா" என்று சிரித்தார். கல்யாணமாகாத பெண் ஆண்மையைப் பற்றி என்னத்தை ஆராயப் போகிறாள் என்றும் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். தொந்திக் கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது, தொந்தி கரைந்தால் உடம்பு தானாகவே மறுபடி சுரக்கும் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. பேராசிரியராகவும் ஆனேன். சிரித்தவர் பிற்பாடு என்னிடமே சிகிச்சைக்கு வந்தார். நான் சிரிக்கவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டு.

ரதோமிர் என் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த லாரி டிரைவர். அவன் உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது. இளைப்பதில் அவனுக்கு ஆசையே இல்லை, பிள்ளைதான் வேண்டும். மனைவி யாகோதாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது.

"அவளுக்கு நேரம் இல்ல டாக்டரம்மா. எனக்கு வயிறு மட்டுந்தான் இருக்கு" என்றான்.

விந்தணு குறைவாக இருந்தது, ஆனால் இருந்தது. ரொட்டியையும் பன்றிக் கொழுப்பையும் குறைத்து, தினமும் நடக்க வைத்தோம்.

அரை வருடத்தில் கொஞ்சம்தான் இளைத்தான். ஆண் ஹார்மோனோ இருபது வயதுக்காரனைப் போல எகிறியிருந்தது. துறையில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். மாநாட்டில் காட்ட இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான். எனக்குத்தான் மனசுக்குள் குடைந்தது. விந்தணுவைப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. விரையைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையைத் தேடினேன், அதுவும் இல்லை. மில் மூடிக் கிடக்க, கடையில் சரக்கு குவிந்திருந்தால் சரக்கு வெளியூரிலிருந்துதான் வரவேண்டும்.

"ஊசி ஏதாவது போட்டுக்கறியா?"

"ஐயோ, எங்க ஸ்லாவா மெழுகுவத்தி மேல சத்தியமா இல்ல டாக்டரம்மா!"

குடும்பப் புனிதரின் மெழுகுவர்த்தி மேல் எங்கள் ஊரில் எவனும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான். இவன் செய்கிறான் என்றால் அதைவிடப் பெரிய யாரையோ காப்பாற்றுகிறான். அவன் மேல் கோபம்கூட வரவில்லை. அந்த ஆள் யாரென்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பரில் நிக்கோலா புனிதர் நாள் அவர்கள் வீட்டு ஸ்லாவா விருந்து. அன்றைக்கு அழைக்காமலே போகலாம், போனேன். பொரித்த கெண்டை மீனுக்கும் பீன்ஸுக்கும் நடுவே, மேசையின் முதல் இடத்தில் பிளாகோயே உட்கார்ந்திருந்தான். ரதோமிரின் கூம் அவன். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தப்போகிறவன். கூம் கொடுத்ததை மறுக்கவும் முடியாது, கூமைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. பார்த்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதியை அவனே ரக்கியாச் சாராயக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சொன்னான்.

"டாக்டரம்மா, உங்க பட்டினி பாதி, என் ஊசி பாதி! என் ஜிம்முல பசங்க போட்டுக்கறதுதான். வாராவாரம் நானே குத்தி விடறேன். காளை மாதிரி ஆயிட்டான் பாருங்க! இந்த வருஷம் நான் பிள்ளை தூக்கிடுவேன்!"

ரதோமிர் மீன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். நோயாளியின் விஷயத்தை விருந்து மேசையில் போடக்கூடாது. நான் அவனைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று அவன் தலையை ஆட்டினான்.

"அந்த ஊசிதான் கெடுத்தது" என்றேன். "வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்தா, இங்கதான் நெறைய இருக்கேன்னு மூளை வேலையை நிறுத்திடும். விந்தணுவும் நின்னுடும். இப்ப இவன்கிட்ட ஒன்னுகூட இல்ல."

பிளாகோயே கோப்பையைக் கீழே வைத்தான். "நானா? நான் பேருகூட யோசிச்சு வெச்சிருக்கேனே..." அவ்வளவு பெரிய மனுஷன் எல்லோர் முன்னாலும் அழுதான்.

யாகோதா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திரும்ப வருமா டாக்டரம்மா?"

"ஊசியை நிறுத்தினா வரலாம். பல மாசம் ஆகும். வராமலும் போகலாம்."

"எனக்குப் பல மாசம் இருக்கா?"

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரதோமிரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினேன். மாநாட்டில் மற்றவர்களின் சின்னச் சின்ன முன்னேற்றங்களைக் காட்டினேன், யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை. மூளையைத் தட்டி எழுப்ப ரதோமிருக்கு மருந்து கொடுத்தேன். மாதாமாதம் மனைவியோடு வந்தான், மாதாமாதம் வெறுமைதான். பிளாகோயேவும் கூடவே வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் நிற்பான். யாகோதா அவனோடு பேசுவதையே விட்டிருந்தாள்.

கோடையில் ஒரு காலை, மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை என்னால் எடுக்க முடியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டேன். ரதோமிர் பயத்தில் சுவரோரமே நின்றுவிட்டான். யாகோதா குனிந்தாள்.

"எங்க?"

"ஓரத்துல. வால் ஆடுது பாருங்க."

அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். பிறகு தலையை எடுக்காமலே, "அந்தக் கழுதை வெளியத்தான நிக்கறான்? வரச்சொல்லுங்க" என்றாள்.

பிளாகோயே சிலுவைக்குறி போட்டுக்கொண்டு குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஒன்னுதானா டாக்டரம்மா?"

"இன்னிக்கு ஒன்னு."

"ரதோமிர் மாதிரியே அசைஞ்சு அசைஞ்சு போகுதே."

"வாயை மூடு கூம்" என்று யாகோதா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்தக் கையை எடுக்கவில்லை. "பயந்துடப்போகுது. அது பாட்டுக்குப் போகட்டும்."