பாதி பாட்டில்

தையல் டீச்சருக்கு அறிவியல் வகுப்பு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை, முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால். அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். பதிலுக்கு யாரும் வரவில்லை. தலைமையாசிரியை கால அட்டவணையை மேசையில் விரித்து, யாருக்கு எந்தப் பாடவேளை காலியாக இருக்கிறதென்று பென்சிலால் தட்டிக்கொண்டே வந்தார். பென்சில் தையல் டீச்சரின் வரிசையில் வந்து நின்றது. மூன்று மாதம்தான், புத்தகத்தைப் படித்து விளக்கினால் போதும் என்றார்.

டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் நூல், ஊசி, அளவு நாடா. ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். முதல் வாரம் புத்தகத்தை வரி விடாமல் படித்தார். வியாழக்கிழமை கடைசி பெஞ்சில் கிளம்பிய ஒரு கொட்டாவி வரிசை வரிசையாக முன்னேறி அவர் வாய்க்கே வந்து சேர்ந்தது. வகுப்பே ‘சந்தேகம்’ என்று கூப்பிடும் ஒரு பெண் மட்டும் விழித்திருந்தாள்.

“டீச்சர், இதை எல்லாம் நாமளே செஞ்சு பாக்க முடியாதா?”

முடியாது என்று சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை. மதியம் அறிவியல் அலமாரியைத் திறந்து பார்த்தார். விளிம்பு உடைந்த ஒரு கண்ணாடிக் குவளை, குண்டூசியைக்கூடத் தூக்காத ஒரு காந்தம், அடியில் என்னவோ காய்ந்து ஒட்டிய ஐந்து சோதனைக் குழாய்கள். அவ்வளவுதான்.

அவருடைய நாத்தனார் ஒரு பிரின்ட் கடையில் வேலை பார்க்கிறவள். அண்ணன் வீட்டிலேயே ஒன்றாக இருக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் போனை எடுத்தாள்.

“உலகத்துல உங்க ஸ்கூல்ல மட்டுமா அண்ணி அறிவியல் டீச்சர் லீவுல போயிருப்பாங்க? எவனாவது எழுதி வெச்சிருப்பான், பாப்போம்.”

இலவச அறிவியல் பாடங்கள் என்று தேடினால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதல் தளத்தில் ஆடிப் பாடும் விலங்குப் பொம்மைகள். மூன்றாம் பக்கத்தில் கார்டு எண் கேட்டது. இரண்டாவது ஏழு நாள்தான் இலவசம் என்றது. மூன்றாவதில் விளம்பரங்களுக்கு நடுவே பாடத்தைத் தேட வேண்டியிருந்தது. வாசலில் வாங்க வாங்க என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனதும் பையைத் தடவிப் பார்க்கிறார்கள் என்று நாத்தனார் திட்டிக்கொண்டே அடுத்ததைத் திறந்தாள்.

ஆறாவதாக வந்தது ஒரு வெறும் வெள்ளைப் பக்கம். படம் இல்லை, பொம்மை இல்லை. நாற்பத்திரண்டு தாள்களின் பட்டியல் மட்டும். சில ஆசிரியர்கள் சேர்ந்து தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்காக எழுதியவை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம்; வீட்டில் கிடைக்கிற பொருள்கள்தான். அடியில் இரண்டே வரி: ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தவறு கண்டால் எங்களுக்கு எழுதுங்கள்.’

டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்தார். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவின் மையை ஈரத் தாளில் ஏறவிட்டு அதிலிருக்கும் நிறங்களைப் பிரிப்பது. உள்ளங்கை அளவு துணிகளை நனைத்து எது முதலில் காய்கிறதென்று பார்ப்பது. இதெல்லாம் எனக்கே தெரியுமே, சாயம் போகிற துணியும் காயாத துணியும் நான் பார்க்காததா என்று அவருக்குள் ஒரு குதூகலம் கிளம்பியது. பகல் சாப்பாட்டை மறந்தார். நாத்தனார் தன் கடையில் பாழான படிவங்களின் மறுபக்கத்தில் நாற்பத்திரண்டையும் அச்சடித்துக் கொண்டுவந்து போட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் வகுப்பு வகுப்பாக இல்லை. கறுப்பு மைக்குள்ளிருந்து ஊதாவும் மஞ்சளும் ஏறி வந்தபோது, கடைசி பெஞ்சுக்காரர்கள் முன் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள். மணி அடித்தால் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான் பதினேழாம் தாள் வந்தது.

அது ஊசலைப் பற்றியது. ஒரு தண்ணீர் பாட்டிலை முப்பது சென்டிமீட்டர் நூலில் தொங்கவிட வேண்டும். நிறையத் தண்ணீரோடு ஒரு முறை, பாதியோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை ஆட்டிவிட்டு, இருபது தடவை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்க வேண்டும். ‘மூன்றுக்கும் ஒரே நேரம்தான் வரும். எடை கூடினாலும் குறைந்தாலும் ஊசலுக்குக் கவலையில்லை’ என்று முடிந்திருந்தது தாள்.

டீச்சர் தன் பெட்டியிலிருந்து கெட்டி நூலை எடுத்து, நாடாவால் அளந்து, கதவு நிலையின் கம்பியில் கட்டினார். போனில் விநாடி பார்த்தார்கள். நிறைந்த பாட்டில்: இருபத்தைந்தரை விநாடி. காலி பாட்டில் மின்விசிறிக் காற்றில் கோணல் மாணலாக ஆடியது. விசிறியை நிறுத்திவிட்டு எண்ணினார்கள். அதே இருபத்தைந்தரை. எடைக்குக் கவலையில்லை என்பது கண்ணெதிரே நிரூபணமானதில் வகுப்பு ஆரவாரம் செய்தது.

பாதி பாட்டில் இருபத்தேழு விநாடி எடுத்தது.

எண்ணினவன் தூங்கிவிட்டான் என்றார்கள். வேறொருத்தி எண்ணினாள். இருபத்தேழு. வேறு பாட்டில், வேறு போன், வேறு கை. அதே இருபத்தேழு. டீச்சருக்குக் காது சூடேறியது. நமக்குத் தெரியாத வேலையில் கை வைத்தோம், எங்கேயோ சொதப்பிவிட்டோம் என்று தோன்றியது. எதற்கும் ஒரு வாதம் வைத்திருப்பதால் ‘வக்கீல்’ என்று பெயரெடுத்த பையன் சுலபமாக ஒரு வழி சொன்னான்.

“விடைதான் தாள்லயே இருக்கே டீச்சர். மூணுக்கும் இருபத்தஞ்சரைன்னு எழுதிடலாம்.”

பாதி வகுப்பு பேனாவை எடுத்தும்விட்டது. ஒரு கணம் டீச்சருக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. ஆனால் இருபது வருடம் அளவெடுத்த கை ஒப்பவில்லை.

“எழுதாதீங்க,” என்றார். “சட்டை பத்தலைன்னா ஆளையா வெட்டுவோம்? நாம அளந்தது அளந்ததுதான். தாள்ல எழுதினவங்க இப்ப இங்க நின்னு அளக்கலை.”

எடுத்த பேனாவைப் பாதி வகுப்பு கீழே வைத்தது. அச்சடித்த தாளைவிடத் தங்கள் எண்ணிக்கையை ஒரு டீச்சர் நம்புவது அவர்களுக்குப் புதுசு.

மறுநாள் மூன்று குழுவாகப் பிரிந்து திரும்பவும் செய்தார்கள். மூன்றிலும் பாதி பாட்டில்தான் சோம்பேறி. சந்தேகம் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு தலைக்கு மேலே ஆடும் பாட்டிலையே பார்த்தாள். சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“டீச்சர், மூணும் ஒரே நீளம் இல்ல.”

நாடாவால் அளந்ததுதானே என்றார் டீச்சர். அவள் பாட்டிலைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள்.

“நூல் சரிதான். ஆனா பாதி பாட்டில்ல தண்ணி பூரா கீழ இருக்கு பாருங்க. நெறஞ்ச பாட்டில்ல கனம் நடு பாட்டில்ல இருக்கு. காலியிலயும் பிளாஸ்டிக்கோட நடுவுலதான். பாதியில மட்டும் கனம் கீழ எறங்கிடுது. அப்ப அது பெரிய ஊசல்தானே?”

டீச்சர் நாடாவை எடுத்து, கம்பியிலிருந்து தண்ணீரின் நடுப்பகுதி வரை அளந்தார். நிறைந்ததில் நாற்பது. பாதியில் நாற்பத்தைந்து. நீளமான ஊசல் மெதுவாக ஆடும் என்பதைப் போன வாரமே பதினாறாம் தாளில் செய்து பார்த்திருந்தார்கள். அப்படியானால் பாதி பாட்டிலின் நூலை ஐந்து சென்டிமீட்டர் குறைத்தால் என்ன ஆகும்?

குறைத்துக் கட்டினார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒன்றாக எண்ணினார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. வக்கீல் போனைப் பார்த்தான்.

“இருபத்தஞ்சரை.”

அந்தக் கூச்சலுக்கு மூன்று வகுப்புகள் தள்ளியிருந்த தலைமையாசிரியை கையில் பிரம்பு இல்லாத குறையாக வந்து நின்றார். பாடவேளையில் என்ன சந்தை இது என்றார். தாளில் தப்பு இருக்கிறது என்று முப்பது பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இலவசமாகக் கிடைத்தால் இப்படித்தான் இருக்கும், பேசாமல் புத்தகத்துக்கே திரும்புங்கள் என்று அவர் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சந்தேகம் கால்வாசி தண்ணீரோடு ஒரு பாட்டிலை மாட்டினாள். கனம் இன்னும் கீழே போகிறது, ஆகவே இன்னும் மெதுவாக ஆடும், இருபத்தேழைத் தாண்டும் என்று முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிட்டு ஆட்டிவிட்டாள். தலைமையாசிரியை போவதற்குத் திரும்பினவர் போகவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் தொடையில் தட்டி எண்ணுவதை டீச்சர் பார்த்தார்.

இருபத்தேழரை வந்தது.

“தாளை எழுதினவங்களுக்கு எழுதிப் போடுங்க டீச்சர்,” என்றார் தலைமையாசிரியை, வேறெங்கோ பார்த்தபடி. “ஆனா இன்னொரு தடவை சரிபாத்துட்டு எழுதுங்க. நம்ம பள்ளிக்கூடத்து பேர்ல போற கடிதம்.”

எழுதுவதுதான் டீச்சருக்குப் பெரும்பாடாக இருந்தது. அறிவியல் படித்தவர்களுக்குத் தையல்காரி தப்பு சொல்வதா என்று நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தார். அண்ணி, நீங்க வாதாடவா போறீங்க, அளவைத்தானே அனுப்பப் போறீங்க என்று சொல்லி, நாத்தனார் வகுப்பின் அட்டவணையை அழகாகத் தட்டச்சு செய்து தந்தாள். மூன்று குழுக்களின் எண்கள், நூலைக் குறைத்தபோது வந்த எண், கால் பாட்டிலின் எண். கீழே ஒரே வரி: ‘பாதி பாட்டில் மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை, காரணம் இதுவென்று நினைக்கிறோம்.’

பதினொரு நாள் பதில் இல்லை. தினமும் முதல் பாடவேளையில் முப்பத்தெட்டு முகங்கள் டீச்சரின் போனைப் பார்த்தன. குப்பையில் போட்டிருப்பார்கள் என்று வக்கீல் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் வந்தது. டீச்சர் கதவைச் சாத்திவிட்டு உரக்கப் படித்தார். எழுதியிருந்தவர் அந்தத் தாளை எட்டு வருடங்களுக்கு முன்னால் எழுதியவரே. தன் வகுப்பில் நிறைந்த பாட்டிலையும் காலி பாட்டிலையும் மட்டும்தான் ஆட்டிப் பார்த்ததாகவும், இரண்டும் ஒன்றாக வந்ததால் பாதியும் அப்படித்தான் இருக்குமென்று அளக்காமலே எழுதிவிட்டதாகவும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் என் சமையலறைக் கதவில் பாட்டிலைக் கட்டி ஆட்டினேன். நீங்கள் சொன்னதுதான் வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பள்ளிகள் இந்தத் தாளை எடுத்திருக்கின்றன, ஒருவரும் எழுதவில்லை. பலர் ஒரே எண்ணை எழுதிவிட்டிருப்பார்கள் போலிருக்கிறது என்றும் இருந்தது. வக்கீல் மேசைக்கு அடியில் எதையோ தேடினான்.

திருத்திய தாளும் கூடவே இருந்தது. இப்போது அதில் விடை இல்லை. ‘பாதி பாட்டில் மட்டும் ஏன் மெதுவாக ஆடுகிறது? கண்டுபிடியுங்கள்’ என்று முடிந்தது. அடியில் சின்ன எழுத்தில்: ‘தவறைக் கண்டுபிடித்தவர்கள் ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, அவர்களுடைய டீச்சர்.’ அந்த வரியை டீச்சரால் உரக்கப் படிக்க முடியவில்லை. சந்தேகம் வந்து வாங்கிப் படித்தாள்.

கடைசியில் கடிதம் எழுதியவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். நிறைந்த பாட்டிலின் அடியில் ஊசித் துளை போட்டு ஆட்டினால், தண்ணீர் ஒழுக ஒழுக ஊசலின் நேரம் என்ன ஆகும்? எனக்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் இன்னும் அளக்கவில்லை. நீங்கள் முந்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் முற்றத்தில் இருந்தார்கள். கால்பந்துக் கம்பத்தில் நூல் ஏறிவிட்டது. காம்பஸ் முள்ளால் துளையும் போட்டாயிற்று. தண்ணீர் ஒரு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. மூடியைத் தளர்த்தினால்தான் ஒழுகும் என்று பின்னாலிருந்து யாரோ கத்த, தளர்த்தியதும் மெல்லிய தாரையாகச் சிமென்ட் தரையில் கோடு போட்டது. ஒழுகி முடியும்வரை மெதுவாகிக்கொண்டே போகும் என்று ஒரு கட்சி. முதலில் மெதுவாகும், அப்புறம் பழையபடி வேகம் பிடிக்கும், காலியும் நிறைந்ததும் ஒன்றுதானே என்று வக்கீலின் கட்சி. டீச்சர் தரையில் சாக்பீஸால் எண்களை எழுதிக்கொண்டே வந்தார். இருபத்தைந்தரை. இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தேழரை. எழுதும் கையில் தண்ணீர் தெறித்தது.

அடுத்த எண் இருபத்தேழுக்கு இறங்கியபோது, வக்கீல் நனைந்த சட்டையோடு முற்றத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். மணி அடித்ததோ என்னவோ, டீச்சர் உட்பட யாருக்கும் கேட்கவில்லை.