கூடாரத்துக்குப் போகும்முன் உரக்கச் சொல்ல வேண்டியவை

ஒரே ஒரு ராத்திரி. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மூன்று வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டது என் மகள் வாண்டு. பத்து வயது. கைக்குழந்தையிலிருந்தே மூச்சிழுப்பு. பள்ளிக்கூடத்தில் எந்தச் சுற்றுலாவுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நாலு தடவை அழுதாள். இந்தத் தடவை அழவில்லை. "நீயும் அப்பாவும் கூட வாங்க. அப்பவாவது விடுவியா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இதுவும் நடக்காமல் போனால் இனி என்னிடம் எதையுமே கேட்கமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மற்றதெல்லாம் ஒரே குழப்பம். தீ மூட்டினால் புகை வரும், புகை அவளுக்கு ஆகாது. மூட்டாவிட்டால் குளிரும், குளிரும் ஆகாது. கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினால் காற்று வராது, திறந்து வைத்தால் பூச்சி வரும். பூச்சிக்கு மருந்து அடித்தால் அந்த நெடியிலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். தண்ணீருக்குப் பக்கத்தில் ஈரம், மரத்தடியில் கிளை விழும், வெட்டவெளி என்றால் இடி. அந்த இடத்தின் காவலாளிக்கு ஏழு தடவை போன் போட்டேன். ஏழாவது தடவை அவர், "ஏம்மா, நீங்க தங்க வர்றீங்களா, இல்ல இந்த இடத்தையே மூட வர்றீங்களா?" என்றார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கவலை வேறு தினுசு. எதுவும் அறுந்து விழக்கூடாது, மற்றது எப்படிப் போனாலும் சரி. கூடாரத்தைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வெள்ளிக்கிழமை மாலை கூடத்திலேயே விரித்தார். முளை அடிக்கத் தரையில் மண்ணா இருக்கிறது? ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு, சோபா காலில் ஒன்று, பீரோ கைப்பிடிகள் இரண்டையும் சேர்த்து ஒன்று. எல்லாவற்றிலும் இரட்டை முடிச்சு. கம்பளியெல்லாம் பீரோவுக்குள் இருந்தது. அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை.

"அறுத்துடலாமாங்க?" என்றேன்.

"புதுக் கயிறும்மா. நாலு ஆளத் தாங்கும்."

"இப்போதைக்கு நம்ம கம்பளிய விடமாட்டேங்குது."

கூடாரத்துக்குள்ளிருந்து வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். கடைசியில் கயிற்றை அறுத்தோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடுவேனா? ஆபரேஷன் தியேட்டரில் பதினான்கு வருஷமாக நர்ஸ். கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் வேலையை நிறுத்துவோம். யாருக்கு, என்ன, எங்கே, எது தப்பாகப் போகலாம், போனால் என்ன செய்வோம் என்று ஒருவர் விடாமல் உரக்கச் சொல்வோம். எப்பேர்ப்பட்ட டாக்டராக இருந்தாலும் அதைச் சொல்லாமல் நான் கத்தியை எடுத்துக் கொடுத்ததில்லை. சனிக்கிழமை காலை, பைகள் வாசலுக்குப் போன பிறகு, இரண்டு பேரையும் சோபாவில் உட்கார வைத்தேன்.

"அடுப்பு சாஞ்சா?"

"மண்ண அள்ளிப் போடுவோம்" என்றார் கணவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஏரியில வழுக்கினா?"

"கயிறு வீசுவோம். கிளம்பலாமா?"

"இருங்க. வாண்டு, நீ சொல்லு. ராத்திரி இழுப்பு வந்தா?"

"இன்ஹேலர் ரெண்டு தடவ. உங்க ரெண்டு பேரையும் எழுப்பணும்."

"அப்பவும் கேக்கலன்னா?"

"கார்ல தூக்கிட்டுப் போவீங்க. ஆஸ்பத்திரிக்கு நாப்பது நிமிஷம்."

"வழியில அதிகமாச்சுன்னா?"

"போதும்மா, விடு" என்றார் கணவர். வாண்டு காலைச் சோபாவின் மேல் மடக்கிக்கொண்டாள்.

"போக வேணாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

தியேட்டரில் நாங்கள் இதையெல்லாம் உரக்கச் சொல்லும்போது படுத்திருப்பவர் மயக்கத்தில் இருப்பார். பதினான்கு வருஷத்தில் அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையின் ஆசையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நிம்மதிப்படுகிறேனே, நான் இவ்வளவு நாளும் போவதற்கு ஏற்பாடு செய்தேனா, போகாமலிருப்பதற்கா? எனக்கே புரியவில்லை. கணவர் வாசலிலிருந்து ஒரு பையை உள்ளே எடுத்து வந்தார்.

வாண்டு அந்தப் பையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே பயமா இருக்காடி?" என்றேன்.

"எனக்கில்ல" என்றாள். "நீதான் மூணு வாரமா தூங்கவே இல்ல. போகலன்னா தூங்குவேல்ல?"

கணவரிடம், "அந்தப் பையத் திரும்ப எடுத்துட்டுப் போங்க, கார்ல வைங்க" என்று மட்டும் சொன்னேன். பிறகு வாண்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு. நான் பயந்துக்கிட்டேதான் வருவேன். ராத்திரி பூரா உன் மூச்சத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். பரவாயில்லையா?"

அதற்குள் அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அது பழகிப்போச்சும்மா" என்றாள்.