கல்லுக்காரன் போட்ட கோடு

எதிர்வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் கார் இருந்ததே இல்லை, கல்லறுக்கும் மெஷின்தான். அது ஓடினால் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் தாளம் போடும். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் பாறை ஆராய்ச்சி. தெருவில் கல்லுக்காரன், கல்லுக்காரி என்றால்தான் தெரியும்.

சில மாதம் முன்பு, கடலோர மலைச்சரிவிலிருந்து திரும்பும்போது, கல்லுக்காரன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டான். மடியில் பை, பைக்குள் ஒரே ஒரு நீல நிறப் பாறைத் துண்டு. அடுத்த மழையில் அந்தச் சரிவும் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

கல்லுக்காரி அழவில்லை. தெருவே காத்திருந்தது, நானும்தான். அவள் மாமியாரும் அழவில்லை. கல்லைக் கொண்டுபோய் ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்களுக்கு நடுவே வைத்துவிட்டார். மகன் கறுப்பு மையில் எழுதிய எண்ணும், இழுத்த கோடும் முன்பக்கம் தெரிகிற மாதிரி. அவன் கைபட்டு எழுதினதில் கடைசி அது.

நேற்று சர்க்கரை கேட்கப் போனேன். வீட்டு டப்பாவில் இருக்கிறது, அது வேறு விஷயம். கல்லுக்காரி மெஷினில் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். கல் அவள் கக்கத்தில். மாமியார் மெஷினை மறித்து நின்றார்.

"வேற கல்லை வெட்டிக்கோயேன்."

"வேற இல்லை அத்தை."

"அப்ப எழுத்து இல்லாத பக்கமா வெட்டு."

"அப்படி வெட்டினா ஒண்ணும் தெரியாது அத்தை."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்படி என்னம்மா தெரியணும்?" என்றேன்.

பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். கடலுக்கடியில் பூமியின் பாறைத் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்ளுமாம். அவ்வளவு ஆழத்தில் நசுக்குகிற நசுக்கலில், ஆனால் அதிகம் சூடேறாமல், கல்லுக்குள் ஊசி ஊசியாக நீலம் முளைக்குமாம். ஊசியெல்லாம் ஒரே திசையில் படுத்துவிடுமாம். அந்தத் திசையிலேயே அறுத்து, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்தால், தட்டு எந்தப் பக்கம் இழுபட்டது என்று தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவன் தேடினது அதைத்தானாம்.

"கீழே போறதுக்கா இவ்வளவு படிப்பு?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாமியார் கல்லையே பார்த்தார். "இந்தக் கோடு எதுக்கு?" இத்தனை மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்தவர், இப்போதுதான் கேட்கிறார்.

"ஊசி எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு பார்த்துப் போட்டது. இது வழியா அறுக்கணும்னு."

"அவனா போட்டான்?"

"அவர்தான்."

மாமியார் நகர்ந்து வழிவிட்டார். "அப்ப அவன் சொன்ன மாதிரியே செய். கோணலா வெட்டிடாதே, கத்துவான்."

மெஷின் போட்ட சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. கல்மாவு கலந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. கல்லுக்காரி கல்லின் வெட்டின பக்கத்தைக் கழுவி, லென்ஸைக் கண்ணில் ஒட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள், பால் பாக்கெட் வந்துவிட்டது என்பது போல.

"கோடு?"

"போச்சு அத்தை. பிளேடு அது மேலதான் போகும்."

"சரி."

மாமியார் துடைப்பம் எடுத்துவந்து தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். இவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு காலைத் தூக்கினாள், பிறகு இன்னொரு காலை.