அம்மா தினமும்

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அடைக்கலராஜுக்குச் சோறு போடும் வேலை. கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். மண்ணுக்கடியில் ஓடுகிற கேபிளை எலி எந்த இடத்தில் கடித்தது என்று மீட்டரை வைத்தே சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நெல்மணி நீளமுள்ள ஓட்டை ஆறு நாளாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டை அவன் மகள் பெலிசியாவின் டேப்லெட்டில் இருந்தது. பெலிசியாவுக்குப் பதினோரு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கை கால் சொன்னபடி கேட்காது, வாயிலிருந்து சொல் வராது. மற்றபடி வீட்டில் நடக்கும் ஒன்றையும் விடமாட்டாள். அப்பா எத்தனை மணிக்கு வந்தார், மாமா எத்தனை இட்லி தின்றார், எல்லாம் அவள் கண்ணில் பதிந்திருக்கும்.

அதைச் சொல்வதற்கு டேப்லெட். திரையில் படம் போட்ட கட்டங்கள். மஞ்சள் வெளிச்சம் ஒன்று கட்டம் கட்டமாக நகரும். தனக்கு வேண்டிய கட்டத்துக்கு அது வந்ததும், மடியில் இருக்கும் ஆரஞ்சுப் பொத்தானை இடது முஷ்டியால் ஓங்கிக் குத்துவாள். டேப்லெட் அந்தச் சொல்லைச் சொல்லும். நானூறு சொற்களைப் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொடுத்தவர் வினோதினி டீச்சர். இரண்டு வருடம் பாடுபட்டார், பிறகு கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டார். சார்ஜ் ஏறுவதும் அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான், பொத்தானின் வயர் நுழைவதும் அதே ஓட்டை வழியாகத்தான். ஓட்டை போனால் சாப்பாடும் போச்சு, பேச்சும் போச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் போனது. இரண்டு நாளாகவே சார்ஜ் சரியாக ஏறவில்லை. வயரை ஒருபக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறியது. ஆறு சதவீதம் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெலிசியா பேச ஆரம்பித்தாள்.

"அப்பா," என்றது டேப்லெட்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ரோசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா. தினமும்."

அவ்வளவுதான். அதற்குமேல் முஷ்டி குத்தியது, பொத்தான் கேட்கவில்லை. குத்தினாள், குத்தினாள், மஞ்சள் வெளிச்சம் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் திரையும் கறுத்துவிட்டது. பெலிசியா தலையைப் பின்னால் எறிந்து அழுதாள்.

அம்மா தினமும் என்ன? கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டேப்லெட் இல்லாவிட்டால் பெலிசியாவுக்கு இரண்டே சொல்தான். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், இறுக்கி மூடினால் இல்லை. எழுத்துக்களை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. அவன் கேட்டுக் கேட்டுப் பார்த்தான். அம்மா அடிச்சாளா? மூடினாள். அம்மா அழுவுறாளா? மூடினாள். அம்மா திட்டறாளா? கண் மேலே போனது. கூடவே உடம்பை முறுக்கிக் கத்தினாள்.

ரோசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெசந்தாங்க. தெனமும் காலையில சட்ட மாட்டும்போது கை வெறச்சிக்கிதுல்ல, வேனுக்கு வேற நேரமாயிடுது. 'என் உயிர வாங்கவே பொறந்தியா'ன்னு கேட்டுடுறேன். தெனமும் கேட்டுடுறேன். அதத்தான் உங்ககிட்ட சொல்ல வந்திருக்கா."

"அதத்தான் சொல்ல வந்தியா பாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அத்தோடு தெரிந்திருக்கும். இருவருக்கும் அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டு, அவள் கண் மேலே போய்விட்டால் என்ன செய்வது?

மறுநாள் காலையிலிருந்து ரோசி வாயே திறக்காமல் மகளுக்குச் சட்டை மாட்டினாள். தினமும் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் வேளாங்கண்ணி மாதா கோவில் எண்ணெயை விரலில் தொட்டு மகள் கழுத்தில் சிலுவை போடுவது அவள் வழக்கம். அன்று முதல் ஒன்றுக்கு மூன்று சிலுவை. ஜெப நேரத்தில் அடைக்கலராஜுக்கு எப்போதும் வாசலில் ஏதாவது முக்கியமான வேலை வந்துவிடும். அதனால் அவன் அதையெல்லாம் சரியாகக் கவனித்ததில்லை.

அவனுடைய ஜெபம் வேறு மாதிரி. இரண்டாம் நாள் ரோசியின் தாலிச் செயினில் தொங்கிய சேஃப்டி பின்னை வாங்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அந்த ஓட்டைக்குள் விட்டுக் கிளறினான். கறுப்பாகப் பிசுக்குப் பிசுக்கென்று அழுக்கு வந்தது. உற்சாகமாகிவிட்டது. இன்னும் உள்ளே விட்டான். பெலிசியா பக்கத்திலிருந்து கத்தினாள்.

"இரு பாப்பா, அவசரப்படாத. அப்பா சரி பண்ணிடுவேன்."

சரியாகவில்லை. அதற்கு முன் வயரை அழுத்தினால் ஏறிய கொஞ்சநஞ்ச சார்ஜும் அதன் பிறகு ஏறவில்லை.

கடலூரில் மூன்று கடை ஏறி இறங்கினான். ஒருவன் வேறு சார்ஜரை விற்றான். இன்னொருவன் காற்றடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மூன்றாமவன், "இந்த மாடலே இப்ப வர்றதில்ல சார், புதுசா வாங்கிடுங்க" என்றான். வாங்கலாம்தான், நானூறு சொல்லை யார் போட்டுத் தருவார்கள்? ரோசியின் போனில் அதே ஆப்பை இறக்கிப் பார்த்தார்கள். கட்டங்கள் வந்தன, உள்ளே ஒன்றுமில்லை. பெலிசியா அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலையிடத்தில் கூட்டாளி பக்கிரிதான் சொன்னான். "செதம்பரத்துல ஒருத்தன் இருக்கான் மச்சான். மைக்ராஸ்கோப் வெச்சிப் பாக்குறான். அவனால முடியலன்னா யாராலயும் முடியாது, உட்டுடு."

சனிக்கிழமை லீவு போட்டான். டேப்லெட்டையும் பொத்தானையும் பையில் வைத்ததைப் பார்த்ததும் பெலிசியா அழுத அழுகையில், அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ரோசி வாசல் வரை வந்தாள்.

"நான் வரலங்க. அங்க அத்தினி பேருக்கு முன்னால அது சொல்லுச்சின்னா என்னால தாங்க முடியாது. என்னா சொன்னாலும் மறைக்காம எனக்கு போன் பண்ணுங்க."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராகப் போனது. வழக்கமாக டேப்லெட்டோடு வந்தால் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். மாடு, சிவப்புக் கார், பசிக்குது. இன்று வெளியே பார்த்தபடி வந்தாள். பார்த்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

கடை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாது. கடைக்காரன் செந்தமிழ்செல்வனுக்கு முப்பது வயதிருக்கும். கதையை முழுதாகக் கேட்டான். பிறகு டேப்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்பனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தான்.

"பாப்பா, இதத் தொறக்கட்டுமா?"

பெலிசியாவின் கண் சட்டென்று மேலே போனது. இந்த ஆறு நாளில் யாரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை என்பது அடைக்கலராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

செந்தமிழ்செல்வன் ஓட்டையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தான். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.

"எண்ணெய்ண்ணா. உள்ளாற பூரா எண்ணெய், அதுல தூசி ஒட்டி களியாட்டம் ஆயிருக்கு. அடுப்படியில வெச்சிருந்தீங்களா?"

"இல்ல தம்பி. கூடத்துலதான் இருக்கும்." சொல்லும்போதே அடைக்கலராஜ் தன் கையைப் பார்த்தான். கம்பெனி கிரீஸ் நகக்கண்ணில் ஏறிப்போயிருந்தது. இந்தக் கையோடுதானே வயரைச் சொருகுவான்?

"எண்ணெய் மட்டும்னா பத்து நிமிஷ வேலண்ணா, கழுவிக் குடுத்துடுவேன். அதுக்கப்புறம் யாரோ ஊசிய உட்டுக் கிளறியிருக்காங்க. நடுவுல இருக்குற சின்னத் தகடு ஒடஞ்சி, உள்ள கம்பிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிது. பாக்குறீங்களா?"

அவன் பார்க்கவில்லை. யார் கிளறியது என்றும் சொல்லவில்லை. பெலிசியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டரிக்கு நேரா கரண்ட் குடுத்து ஸ்கிரீன எழுப்பிப் பாக்குறேன். ஆனா பொத்தான் வேல செய்யாது."

பின்மூடியைக் கழற்றி, பேட்டரி முனையில் இரண்டு கிளிப்பை மாட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை வெளுத்தது, கட்டங்கள் வந்தன. மேலே, பேசிய சொற்கள் நிற்கும் பட்டையில், ஞாயிற்றுக்கிழமை நின்ற இடத்திலேயே அது நின்றது. அப்பா. அம்மா. தினமும்.

பெலிசியா கையை உதறினாள். பொத்தான் இருந்தும் குத்திப் பயனில்லை. அடைக்கலராஜ் அவளை மேஜைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் ஆள்காட்டி விரலை முதல் கட்டத்தின் மேல் படாமல் பிடித்தான். மஞ்சள் வெளிச்சம் நகர்வது போல விரலை நகர்த்தினான்.

"இதுவா? இதுவா? இதுவா?"

சாப்பாட்டுப் பக்கத்தில் கண் மேலே போனது. திறந்தான். சோறு இல்லை. முட்டை இல்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மா தினமும் சோறு போடுகிறாள் என்றா இந்த அழுகை? கடைசி வரிசையில் ஒரு புட்டியின் படம். கண் மேலே போனது.

தொட்டான். "எண்ணெய்," என்றது டேப்லெட்.

செந்தமிழ்செல்வன் கையிலிருந்த பஞ்சுக்குச்சியைப் பார்த்தான்.

அடுத்தது டேப்லெட் படம். அடுத்தது, சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட கட்டம். வேண்டாம்.

"அம்மா டேப்லெட்டுல எண்ணெய் வெக்கிறாளா?" என்று கேட்டான். கண் மேலே. "இங்கியா?" என்று ஓட்டையைத் தொட்டுக் காட்டினான். மேலே. "தலைக்கு வெக்கிற எண்ணெயா?" இறுக்கி மூடினாள். "மாதா எண்ணெயா பாப்பா?"

கண் மேலே போய் அங்கேயே நின்றது.

கழுத்தில் ஒரு சிலுவை, பிறகு அதே விரலால் பேச்சு வருகிற இடத்தில் ஒரு சிலுவை. ரோசியின் கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. மகளின் தொண்டை இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் மாதா துணை வேண்டும். பெலிசியா அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். பேச்சு போகப்போகிறது என்று தெரிந்து, போவதற்குள் சொல்ல முயன்றிருக்கிறாள். கேபிளில் பழுது பார்க்கிற அப்பனுக்கு முன்னால் பழுதைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. கண்ணாலேயே அவன் விரலை இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா," என்றது டேப்லெட். அப்புறம், "குத்து." அப்புறம், "வேண்டாம்."

செந்தமிழ்செல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுவது போல டிராயரைத் திறந்தான். அடைக்கலராஜுக்கு அவமானமாக இருந்தது. அன்று அவள் கத்தியது அவசரத்தில் இல்லை.

"சூடு ஏறுதுண்ணா, கிளிப்ப எடுத்துடணும்."

"ஒரு நிமிஷம் தம்பி." போனை எடுத்துக் கட்டங்களை ஃபோட்டோ பிடிக்க ஆரம்பித்தான். மூன்று பக்கம்தான் எடுக்க முடிந்தது. இன்னும் இருபது பக்கத்துக்கு மேல் இருந்தன. திரை கறுத்தது.

"இந்த ஓட்ட இருக்குற துண்ட சென்னையில சொல்லிப் பாக்குறேன். ரெண்டு வாரம் ஆவும். பழைய மாடல், கெடைச்சா போட்டுடலாம்." கிடைக்காவிட்டால் என்பதை அவன் சொல்லவில்லை. "அது வரைக்கும் இங்கியே இருக்கட்டும். இந்த நெலமையில வீட்டுக்குக் குடுக்க முடியாது."

வெறும் பொத்தானோடு வெளியே வந்தார்கள். சந்து முனையில் மகளை ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்தான். போன் அடித்தது. ரோசிதான்.

"பேசுச்சாங்க? என்னப் பத்தி என்னா சொன்னா?"

நீ வைத்த சிலுவைதான் அவள் வாயை அடைத்தது என்று எப்படிச் சொல்வது? ஆறு நாளாகச் செத்துச் செத்துப் பிழைக்கிறவளிடம்?

"உன்னப் பத்தி ஒண்ணும் இல்ல ரோசி. அம்மா தெனமும் நல்லா பாத்துக்கறான்னு சொன்னா. டேப்லெட் என்னாலதான் போச்சி, பின்ன உட்டுக் குத்தினேன்ல, அதுல."

சொல்லிக்கொண்டே மகளைப் பார்த்தான். பெலிசியா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். புருவம் சுருங்க, கன்னம் நடுங்க மூடியிருந்தாள். ஆறு நாள் காத்திருந்து சொன்ன சொல்லை அப்பன் ஒரே நொடியில் மாற்றிவிட்டான். அதை எடுத்துச் சொல்ல அவளிடம் டேப்லெட்டும் இல்லை.

"ரோசி, இரு. பொய் சொல்லிட்டேன்," என்றான். "பாப்பா சொன்னத அப்படியே சொல்றேன். அப்பா, அம்மா தினமும் எண்ணெய், டேப்லெட், வேண்டாம். நீ மாதா எண்ணெய அந்த ஓட்டையில வெக்கிறியாமே. அதுல அழுக்குக் கட்டிப் போச்சி. மிச்சத்த நான் ஒடைச்சேன்."

ரோசி, "அவ்ளோதானா? நான் திட்டறத சொல்லலியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். முதலில் நிம்மதியில்தான் அழுதாள். அழுகை நின்று, மறுபடி ஆரம்பித்தபோது அது வேறு அழுகையாக இருந்தது.

"அப்ப நாந்தானாங்க புள்ள பேச்சக் கெடுத்தேன்?"

இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. பக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேருந்தான் ரோசி," என்றான்.

"அவளக் கேளுங்க." ரோசி மூக்கை உறிஞ்சினாள். "கழுத்துல மட்டுமாவது வெக்கலாமான்னு கேளுங்க. வேணாம்னா உட்டுடுறேன்."

அவன் குனிந்து மகளிடம் கேட்டான். பெலிசியா மடியிலிருந்த பொத்தானைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள். பிறகு கண் மெதுவாக மேலே போனது.

"வெக்கலாமாம்," என்றான் அடைக்கலராஜ்.