இடைவெளிக்கு ஒரு கடிதம்

“பையனுக்கா, பொண்ணுக்கா சார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள் விசா கன்சல்டன்சியில் இருந்த பெண்.

“எனக்குத்தாம்மா” என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். நாலு மாதமாக நான் பட்ட அதிர்ச்சியை இன்னொருவரும் கொஞ்சம் படட்டுமே! நாற்பத்தைந்து வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒருத்தி சாப்பாட்டு மேஜையில் சாவகாசமாகச் சொன்னால் கேட்கிறவன் கதி என்ன ஆகும்?

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கு மறுபடி பேச்சு வரவழைக்கிற படிப்பு அது. இரண்டு வருடம். பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது. கல்யாணமாகிப் போன மகளும், வேலைக்கு வெளியூர் போன மகனும் போனிலேயே சந்தோஷத்தில் குதித்தார்கள். குதிக்க மாட்டார்களா பின்னே? காலியான வீட்டில் தனியாகக் கிடக்கப் போவது நான்தானே. விசா கிடைக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் வேண்டிக்கொண்டதில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று மட்டும் நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

கன்சல்டன்சிப் பெண் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபது வயதில் வாங்கிய டிகிரி. அடுத்தது போன வருடம் முடித்த ஒரு வருட டிப்ளமா. நடுவில் ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினாள், ஏதோ ஒரு தாள் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று நினைத்தவள் மாதிரி.

“இங்கதான் ஆன்ட்டி சிக்கல். ஆறு மாசம் சும்மா இருந்தாலே ஏன்னு கேப்பாங்க. உங்களுக்கு இருபத்து மூணு வருஷம் கேப். அதுக்கு ஒரு கேப் லெட்டர் எழுதணும். அந்தந்தக் காலத்துல என்ன பண்ணீங்கன்னு ஆதாரமும் வெக்கணும்.”

“வீட்ல இருந்தேம்மா.”

“சரி. அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?”

இப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வியை அவ்வளவு சாதுவான முகத்தோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மனைவி கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு இருக்கு. அங்க வேலை பாத்ததா ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிடலாம். போன மாசம் ஒரு அக்காவுக்குப் பன்னெண்டு வருஷ கேப்தான். வெறும் லெட்டர் குடுத்தாங்க. நெஜமாவே படிக்கப் போறவங்க மாதிரி தெரியலைன்னு தள்ளிட்டாங்க. ஒரு தடவை தள்ளிட்டா அடுத்த தடவை இன்னும் கஷ்டம் ஆன்ட்டி.”

“செய்யாத வேலைக்கு எதுக்கும்மா சர்ட்டிபிகேட்டு? செஞ்ச வேலைக்கே ஒண்ணும் இல்லையேன்னு பாக்கறேன்” என்றாள் என் மனைவி. அதோடு கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நேர்முகத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் காலி செய்து எல்லாக் காகிதங்களையும் கூடத்தில் பரப்பினோம். நான் நில அளவைத் துறையில் சர்வேயர். ஏழு மாற்றல், ஏழு வாடகை வீடு. ஒவ்வொரு காகிதத்தையும் தொட்டால் ஒரு வீடு எழுந்து வந்தது. குனிந்து போகாவிட்டால் நெற்றியில் இடிக்கும் நிலைப்படி கொண்ட வீடு. முதல் வாரம் முழுக்க நான் வீக்கத்தோடு ஆபீஸ் போக, எல்லோரும் எங்களுக்குள் சண்டை என்று பேசிக்கொண்டார்கள். குழாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது கேட்கும் வீடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட மைதானம் இருந்த வீடு. அங்கே மணி அடித்தால்தான் இவள் அடுப்பை மூட்டுவாள். மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அப்படியே நின்று இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிய வீடும் ஒன்று உண்டு. அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று என்று நான் ஒரே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவள் பாட்டுக்குக் காகிதங்களை வருட வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மகளின் தடுப்பூசி அட்டை. மகனின் கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே. என் மாற்றல் உத்தரவுகள். பக்கவாதத்தில் படுத்த என் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கோப்பு, தலையணை கனம். மத்தியானம் வரை பார்த்தோம். இருபத்து மூன்று வருடத்தில் அவள் பெயரில் ஒரே ஒரு காகிதம்தான் அகப்பட்டது: கேஸ் அடுப்பு வாங்கிய உத்தரவாத அட்டை.

“இதைக் குடுத்துடலாமா?” என்று கேட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் பிள்ளைகள், அப்பா சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதத்திலும் கீழே அவள் கையெழுத்து இருந்தது. பெற்றோர் கையொப்பம், உடனிருப்பவர் கையொப்பம், சம்மதம் தருபவர் கையொப்பம். மாதத் தேர்வு மதிப்பெண் அட்டைகளில் மட்டும் நூற்றுக்கு மேல். ஒன்றிலாவது நான் போட்டிருப்பேன் என்று தேடினேன். இல்லை. “அம்மாகிட்ட வாங்கிக்கோ” என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“அந்த நீல நோட்டு இருந்தா போதும்” என்றாள் திடீரென்று. “மாமாவுக்குப் பேச்சு வர்றதுக்குத் தினமும் எழுதி வெச்சேனே. தேதி போட்டு, என்ன சொல்லிக் குடுத்தேன், என்ன சொன்னாரு, எல்லாம் இருக்கும். அதைக் காட்டினா இந்தப் படிப்பு ஏன்னு அவங்களே புரிஞ்சுப்பாங்க. எங்க வெச்சேன்?”

அந்த நோட்டை எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பெட்டியில் பார்த்தேன். ‘த, தண், தண்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பிள்ளைகள் எழுதிப் பழகிய நோட்டு என்று நினைத்துப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன்.

பூசி மெழுகலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். அவள் நாலாவது தடவையாக அதே பெட்டியைக் கவிழ்த்தபோது சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். “படிச்சுப் பாத்துட்டா போட்டீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள்.

மறுநாள் நான் மட்டும் கன்சல்டன்சிக்குப் போய் வேறு வழி உண்டா என்று கேட்டேன். “கூட இருந்து பாத்தவங்க யாராவது லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டா வெக்கலாம் அங்கிள்” என்றாள் அந்தப் பெண். கூட இருந்து பார்த்தவன்! நான்தானே? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்தேன்.

சர்வேயர் வேலையில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. சங்கிலி பிடித்து அளந்ததை மட்டும் எழுது. முள்ளுக்குள் போக முடியவில்லையா, ‘அளக்கவில்லை’ என்று எழுது. குத்துமதிப்பாக ஒரு கோடு இழுத்தால் பின்னால் இரண்டு குடும்பம் அடித்துக்கொள்ளும். இருபத்தெட்டு வருடமாக நான் அளக்காத இடத்தில் கோடு போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சுப் போனதை எழுதினேன். மருத்துவர் கை விரித்ததை எழுதினேன். என் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன்னால் பிடித்து உதடு குவிக்கச் சொல்லிக் கொடுத்ததைச் சனி, ஞாயிறுகளில் பார்த்திருக்கிறேன், எழுதினேன். அவள் டம்ளரைக் காட்டி “தண்…” என்று பாதியில் நிறுத்திக் காத்திருப்பாள். நான் பொறுக்க மாட்டாமல் “தண்ணியாப்பா? இந்தாங்க” என்று முடித்து வைப்பேன். “நீங்க சொல்லிடாதீங்க, அவரு சொல்லட்டும்” என்று என் மேல் எரிந்து விழுவாள். அதையும் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. மற்ற நாட்களில் என்ன நடந்தது? ஊர் ஊராக எல்லைக்கல் தேடிக்கொண்டிருந்தவனுக்கு என்ன தெரியும்?

பதினோராவது மாதம் அவர் முதல் வார்த்தை பேசினார். அன்று நான் வெளியூரில் அளவைக் கேம்பில் இருந்தேன். ஒரு வரப்புக்காக அண்ணனும் தம்பியும் என் இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். போன் வந்தது. “மாமா பேசிட்டாருங்க!” என்றாள், அழுகையும் சிரிப்புமாக. “சரி சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பா “வா” என்றார். அந்தப் பூரிப்பில், முதலில் என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறம் அவர் இருந்த நாலு வருடமும் இல்லை.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூடத்திலேயே நடந்தேன். அவளிடம் கேட்டு எழுதிவிடலாம். ஆனால் அது நான் பார்த்ததாக ஆகாது. கடைசியில் எங்கள் வழக்கப்படியே எழுதினேன். ‘என் தந்தை பேசிய முதல் சொல் எது என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது இல்லை, பிறகும் கேட்கவில்லை. வார நாட்களில் என் மனைவி கொடுத்த பயிற்சியை நான் பார்க்கவில்லை. அவள் எழுதிய குறிப்பேட்டைப் படிக்காமல் எடைக்குப் போட்டவன் நான். இந்த இருபத்து மூன்று வருடங்கள் காலியாகத் தெரிந்தால், பார்க்க வேண்டியவன் பார்க்காததுதான் காரணம். அவள் காலியாக இருந்ததில்லை.’

மகள் அதை ஆங்கிலமாக்கிவிட்டுப் போன் செய்தாள். “அப்பா, இதை இப்படியேவா குடுக்கப் போறீங்க? மானம் போயிடும்பா.”

“போகட்டும்மா. உங்கம்மாவுக்கு விசா வரணும்” என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது, நிஜமாகவே வர வேண்டும் என்று நினைக்கிறேன் என்று.

நேர்முகம் முடிந்து பத்தொன்பதாம் நாள் விசா வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு முக்கியமானது நேர்முகத்துக்குப் போன அன்று நடந்தது.

அலுவலகத்துக்குள் விண்ணப்பித்தவர்களை மட்டும்தான் விட்டார்கள். எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் காத்திருந்தேன். இருபது வயசுப் பிள்ளைகளாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் இவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன ஆச்சு? என்ன கேட்டாங்க?”

“வேற என்னென்னவோ ரெண்டு மூணு கேட்டாரு அந்த ஆபீசரு. அப்புறம் உங்க லெட்டரைக் கையில எடுத்தாரு. ‘உங்க வீட்டுக்காரரு தெரியாது, பாக்கலைன்னே எழுதியிருக்காரே, அந்த முதல் வார்த்தை உங்களுக்காவது ஞாபகம் இருக்கா’ன்னாரு.”

“சொன்னியா?”

“சொன்னேன். எழுதிக்கிட்டாரு.”

ஒரு பஸ் வந்து நின்றது. எங்களுடையதுதான். நான் எழுந்திருக்கவில்லை.

“என்ன வார்த்தை?” என்று கேட்டேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதையும் பார்த்தேன்.

“அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. காலையிலேருந்து நின்னபடியே வேலை. சாயங்காலம் வழக்கம்போல டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு ‘தண்’னு சொல்லிட்டு மாமா முன்னாடி நிக்கறேன். கால் வலி தாங்கல. அவரு டம்ளரைப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தாரு. இடது கையால கட்டில் ஓரத்தைத் தட்டினாரு. ‘உக்காரு’ன்னாரு.”

நான் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

“நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் தண்ணி, சோறு, வலி. இதை நான் சொல்லிக் குடுக்கலைங்க. அவராவே சொன்னது. கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து நம்ம வீட்ல அந்த வார்த்தையை எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. அதான் அழுதுட்டே உங்களுக்குப் போன் பண்ணேன்.”

குறையாகச் சொல்லவில்லை அவள். நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஏழு வீடு. ஒரு வீட்டிலாவது, ஒரு சாயங்காலமாவது, நான் சொல்லியிருக்கலாம். பாதி வாய் கோணிப்போன மனுஷன் பதினோரு மாதம் போராடிச் சொன்னதை, நன்றாக வாய் இருந்த நான் சொல்லவில்லை. “தப்புப் பண்ணிட்டேன்” என்றேன்.

“சரி விடுங்க” என்றாள். “பஸ் போயிடும்.”

“போகட்டும். அதுக்கப்புறம் என்ன சொன்னாரு அப்பா?”

“அதுக்கப்புறமா? நாலு வருஷம் பேசினாருங்க.”

“எல்லாத்தையும் சொல்லு.”

அவள் கோப்பை மடியிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். இரண்டாவது வார்த்தை மறுநாள் காலையில் வந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள்.