கையைக் கட்டத் தெரியாத பேராசிரியர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு அல்ஜீப்ராவுக்கு வகுப்பே கிடையாது என்று முடிவு செய்தார்கள். ஊருக்கு வெளியே ஷாப்பிங் மாலில் மூடிக்கிடந்த செருப்புக் கடையைப் பிடித்து, சுவர் முதல் சுவர் வரை கம்ப்யூட்டர்களை அடுக்கினார்கள். மாணவர்கள் வந்து உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட வேண்டும். திணறினால் மேசையிலிருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பையைத் திரைக்கு மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். எங்களில் ஒருவர் போய் உதவுவோம். கூடத்துக்குப் பொறுப்பு நான். முதல் மாதம் கணக்குக் கேட்டு வந்தவர்களைவிட குளிர்கால பூட்ஸ் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

உதவப் போகிறவர்களுக்கு ஒரே விதிதான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். மவுஸைத் தொடக்கூடாது, பென்சிலைப் பிடுங்கக்கூடாது, விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்க வேண்டும். இதை வெர்னன் ஹஸ்கெட்டிடம் சொல்லிப் பாருங்கள்.

வெர்னன் பெரிய அரங்கில் நானூறு பேருக்கு மைக் இல்லாமல் பாடம் நடத்திய பேராசிரியர். பின்வரிசை தூங்கும், நடுவரிசை சாண்ட்விச் தின்னும், அவர் பாட்டுக்குக் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருப்பார். செருப்புக் கடைக்கு அனுப்பியதில் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் எங்காவது ஒரு கோப்பை ஏறினால் போதும், கோபத்தை மறந்துவிட்டு ஓடுவார்.

அதிகமாக ஓடியது டெல்மாவிடம்தான். டெல்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், நாற்பதைத் தாண்டியவர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் நேரே எங்களிடம் வந்துவிடுவார். நர்சிங் படிப்பில் சேர இந்தப் பாடத்தில் தேறியாக வேண்டும். போன தடவை கோட்டைவிட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் சேர்க்க மாட்டார்கள்.

"இதுல என்ன இருக்கு, மிஸ் டெல்மா? இப்படிக் கொண்டாங்க பென்சில. இதை அந்தப் பக்கம் தள்ளு, ரெண்டால வகு. முடிஞ்சு போச்சு!"

"நீங்க போட்டா எவ்வளவு லேசா இருக்கு, புரொபசர்!"

"வெர்னன், கை!" என்று நான் கத்துவேன்.

"என் கை என் பேச்சையே கேக்காது, ரோண்டா. உன் பேச்சையா கேக்கப்போகுது?"

டெல்மாவின் வீட்டுப்பாடம் எல்லாம் நூற்றுக்கு நூறு. வெர்னன் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு இடைத்தேர்வு வந்தது. தேர்வறையில் கோப்பை கிடையாது.

மறுநாள் டெல்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் வந்து நின்றார்.

"நூத்துக்கு நூறு வாங்கினது நீங்க, புரொபசர். நாப்பது வாங்கினது நான். நர்சா ஆகப்போறது நீங்களா, நானா?"

வெர்னன் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தார். எத்தனையோ வருடமாக அவரைத் தெரியும், பென்சிலைத் தானாகக் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பாவமாகவும் இருந்தது.

"இறுதித் தேர்வுல எழுபது எடுத்தா தேறிடலாம்," என்றார் மெதுவாக. "நான் என்ன செய்யணும்?"

"சும்மா இருங்க," என்றார் டெல்மா.

சும்மா இருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத்தான் தெரியும். கை பின்னால் நிற்காததால் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "அப்புறம்?" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் டெல்மா அனுமதி கொடுத்திருந்தார். டெல்மா கழித்தல் குறியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். வெர்னனுக்கு முகம் சிவந்து காது வரை ஏறும். "அப்... புறம்?" என்பார். தாங்க முடியாதபோது எழுந்து பக்கத்து ப்ரெட்ஸல் ரொட்டிக் கடைக்கு ஓடி, வாயை அடைத்துக்கொண்டு வருவார். டெல்மாவுக்குக் கணக்கு ஏற ஏற இவருக்குத் தொப்பை ஏறியது.

திரும்பி வந்து பார்த்தால், சில சமயம் டெல்மாவே குறியைக் கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார். அப்போது வெர்னன் முகத்தில் வரும் ஏமாற்றம் இருக்கிறதே!

இறுதித் தேர்வன்று நாங்கள் இருவரும் தேர்வறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே டெல்மா எழுதுகிறார், அழிக்கிறார், மறுபடி எழுதுகிறார்.

"அஞ்சாவது கணக்குல மாட்டிக்கிட்டாங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், ரோண்டா."

"நகர்ந்தீங்கன்னா காலை உடைப்பேன்."

டெல்மா விடைகளை அனுப்பும் பொத்தானை அழுத்தினார். மதிப்பெண் உடனே திரையில் வந்துவிடும். பிறகு எழுந்து வெளியே வந்தார்.

"எழுபத்தி நாலு," என்றார்.

நான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். டெல்மா வெர்னனிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி, புரொபசர். நீங்க எனக்குச் சொல்லித் தராம இருந்ததாலதான் நான் தேறினேன்."

மனசார சொன்னார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே கிளம்பியும் போய்விட்டார்.

வெர்னன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருஷத்துல ஒரு மாணவர்கூட எனக்கு நன்றி சொன்னதில்ல, ரோண்டா," என்றார்.